தயாளினியின் முகத்தில் இருந்த நீலம்

இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். தயாளினியைத் தெரிந்தவர்களுக்காக மட்டுமே எழுதுகிறேன்: எங்கள் வகுப்புப் பிள்ளைகள், பளையிலிருந்து அவளோடு இடம்பெயர்ந்து வந்த அயலவர்கள், கடை அண்ணை. வாசித்து முடிந்ததும் அடுப்புக்குள் போட்டுவிடுங்கள். எனக்குக் கலியாணம் முடிந்து விசுவமடுவுக்குப் போய்விட்டதாக அப்பா ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய். வட்டக்கச்சியில், எங்கள் வீட்டு உள்ளறையில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறேன். கலியாணமாகாத என் வயதுப் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போக இயக்கத்து ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள். காட்ட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வெளியே தெரிந்தால், பல வீட்டுச் சுவர்களில் மாலையோடு இருக்கும் படங்களை அந்த வீட்டு ஆட்கள் பழையபடி பார்க்க மாட்டார்கள்.

செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பதும், அதில் பழகியவர்கள் நினைவுகளை எழுதுவதும் எங்கள் வழக்கம். இப்போது அச்சகமும் இல்லை, கடதாசியும் இல்லை. அவளுக்கு ஒன்றும் இல்லாமல் போகக்கூடாது என்பதற்காகப் பழைய கொப்பியின் பின்பக்கங்களில் எழுதுகிறேன்.

செய்தி விடியற்காலையில் வந்தது. தயாளினியின் குடும்பம் எங்கள் பின்வளவு மாமரத்தின் கீழ் நீலத் தறப்பாளைக் கூரையாகக் கட்டி இருந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று உடனே பிடிபடவில்லை. யாரோ யாரையோ திரும்பத் திரும்பக் கூப்பிடுவது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா உள்ளே வந்து, மூட்டைகளுக்கு அந்தப் பக்கமாக நின்றபடியே சொன்னார்.

“தயாளினி எழும்பேல்லையாம், பிள்ளை.”

பாம்பு கடித்திருந்தது. மழைக்குத் தறப்பாள்களுக்குள் வரும் அந்தப் பாம்பு கடித்தால் நித்திரையில் இருப்பவருக்குத் தெரியாதாம். அவளுடைய அம்மா விடியவே எழுந்து தேத்தண்ணி வைத்திருக்கிறார். மகளைப் பார்த்துமிருக்கிறார். வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் அவரே என்னிடம் அதைச் சொன்னார். “தறப்பாளுக்குக் கீழ எல்லாரும் நீலம்தானே, மோளே. அவளும் நீலமாக் கிடந்தாள். நான் படுக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

நான் வெளியே போக முடியவில்லை. ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு தறப்பாளுக்கு வெளியே வந்தார்கள். மழை விட்டு நல்ல வெயில். தூக்கி வந்தவர்கள் ஒவ்வொருவரும் வெயிலுக்குள் கால் வைத்ததும், அவர்கள் முகத்திலிருந்த நீலம் உள்ளேயே தங்கிவிட்டது. தயாளினியின் முகத்திலிருந்த நீலம் அவளோடு வெளியே வந்தது. அப்போதுதான் அவள் செத்துவிட்டாள் என்பது எனக்குள் போனது.

அவளை நான் முதலில் கண்டது கிளிநொச்சியில், கடை அண்ணையின் படக்கடையில். பாடசாலை விட்டதும் நான் அங்கே போய்க் கணினியில் படம் திருத்துவேன். கிழிந்த படங்களை ஒட்டுவது, அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெருப்பித்து நிறம் கொடுப்பது, வெளிநாட்டில் இருப்பவரைக் குடும்பப் படத்துக்குள் கொண்டுவந்து நிற்க வைப்பது எல்லாம் என் வேலை. ஒருநாள் ஒரு பெட்டை வந்து, நான் செய்துகொடுத்த குடும்பப் படத்தை மேசையில் வைத்தாள். பிரான்சில் இருக்கும் அவளுடைய அண்ணாவை நான் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். வெட்டின இடம் தெரியாமல் செய்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் பெருமை.

“வடிவாத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா எங்கட அண்ணாவுக்கு மட்டும் வேற சூரியன்.”

பார்த்தேன். எல்லோருக்கும் இடப்பக்கக் கன்னத்தில் வெயில். அண்ணாவுக்கு மட்டும் வலப்பக்கத்தில். அதோடு அவருடைய காலடியில் நிழலே இல்லை.

“பிரான்சில வேற சூரியன்தானே,” என்று சமாளித்தேன்.

“அப்ப நிழலையும் அங்கயே விட்டிட்டு வந்திட்டாரோ?”

உள்ளே இருந்த கடை அண்ணை சிரித்துவிட்டார். அடுத்த கிழமையே அவளை வேலைக்கு வரச் சொன்னார். அவளுக்குக் கணினியைத் திறக்கவும் தெரியாது. மவுஸ் பிடிப்பது, படத்தை அடுக்கடுக்காக வைத்து வேலை செய்வது, ஜெனரேற்றர் நிற்பதற்கு முன் சேமித்து வைப்பது எல்லாம் நான் காட்டினேன். வெளிச்சம் அவள் காட்டியது. எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவளுக்கு நிழலை ஒருவர் படிப்பிக்க வேண்டுமா என்று கேட்டாள்.

நான் அதுவரை நிழல் என்றால் கறுப்பு என்றே நினைத்திருந்தேன். முகத்துக்கு ஒரு நிறம் பூசி, ஓரங்களில் கறுப்பை மெல்லியதாகத் தேய்ப்பேன். மூக்கின் இரண்டு பக்கமும் தேய்ப்பேன். வருகிற முகமெல்லாம் அடுப்புக்கரி தடவிய பலூன் போல இருக்கும். அதைத்தான் அழகு என்றும் நம்பினேன். தயாளினி என் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள். “கறுப்பைத் தொடாத. வெயில் படாத இடத்திலயும் தோல் தோல்தான். அது கரி இல்லை.” பிறகு, ஒவ்வொரு படத்தையும் திறக்கும்போது அவள் சொல்லும் வசனத்தைச் சொன்னாள். “முதல்ல வெளிச்சம் எங்க இருந்து வருது எண்டு கேள்.”

எங்கள் சிக்கல் தோலின் நிறம்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் இருக்காது. சொந்தக்காரரிடம் கேட்டால், செத்தவர்கள் எல்லோரும் நல்ல வெள்ளை என்பார்கள். மல்லாவியிலிருந்து வந்த ஒருவர், வயலுக்குள்ளேயே காய்ந்து கறுத்த தன் தகப்பனுக்கு எலுமிச்சம்பழ நிறம் கேட்டார். கோட் போட்டுவிடச் சொல்லியும் கேட்டார். கடையில் வெட்டி வைத்த கோட் ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் எல்லோருக்கும் மாட்டுவோம். அவர் போனதும் தயாளினி அந்தக் கோட்டைப் பார்த்து, “பாவம், ஒருநாளும் தோய்க்க விடாமல் ஆள் மாறி ஆள் போடுகினம்,” என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் என்னை ஜன்னலோரம் இருத்தி, கடை அண்ணையின் கமராவால் என் கன்னத்தை மட்டும் எடுத்தாள். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். அதைக் கணினியில் போட்டு மூன்று சதுரங்கள் செய்தாள்: வெயில் படும் இடத்தின் நிறம், நடு நிறம், நிழல் நிறம். நான் பொதுநிறம், சற்று வெளுப்பாக்கினால் வெள்ளை, சற்று மங்கலாக்கினால் மாநிறம் என்று எல்லோருக்கும் பொருந்தியது. அந்தக் கோப்புக்குக் ‘கன்னம்’ என்று பெயர் வைத்தாள்.

“உன்ர கன்னத்தை ஏன் எடுக்கேல்லை?” என்று கேட்டேன்.

அவள் தன் கையை என் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள். அவள் நல்ல கறுப்பு. “எடி, உன்ர நிழல்தான் என்ர வெயில். என்னை ஆர் கேட்டு வரப்போகினம்?” என்று சிரித்தாள்.

இதை ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்று நான் கேட்டதற்கு மற்றக் காரணம் இதுதான். அதற்குப் பிறகு எங்கள் கடையால் போன எல்லா முகங்களுக்கும் என் கன்னத்தின் நிறம்தான். முதலில் வயதானவர்களின் படங்கள் வந்தன. போகப் போகக் கேட்டு வருபவர்கள் கூடினார்கள். படங்களில் இருந்தவர்களின் வயது குறைந்துகொண்டே வந்தது. கண்ணீர் அஞ்சலி ஒட்டாத மதில் இல்லை. பாடசாலை விட்டு வரும்போது வழி முழுக்க நான் நின்றேன். ஆணாக, பெண்ணாக, கிழவராக, என்னோடு படித்தவளாக நின்றேன். மழையில் நனைந்து ஒரு மூலை கழன்று தொங்கும் கன்னத்தையும் கண்டேன். இரவில் முகம் கழுவும்போது கன்னத்தைத் தொடப் பயம் வந்தது. தொட்டால் யாருடையது என்று தெரியாது.

தயாளினியிடம் சொன்னேன். பகிடி பண்ணுவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை.

“செத்த ஆக்களிட்ட நிறம் இல்லை. உயிரோட இருக்கிற ஆரோ ஒராளிட்ட இருந்துதான் எடுத்துக் குடுக்க வேணும்,” என்றாள். “உனக்குக் குறையேல்லைத்தானே.”

குறையவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஷெல் கிட்ட விழத் தொடங்கியதும் கிளிநொச்சி காலியானது. கடை அண்ணை கணினியையும் ஜெனரேற்றரையும் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து, வட்டக்கச்சிச் சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் வைத்தார். சோற்றுக்கு வழி தேடும் நாளிலும் சனம் படம் கேட்டு வந்தது. தயாளினி குடும்பம் எங்கள் பின்வளவுக்கு வந்ததும் அப்போதுதான். மெலிந்து, கண் உள்ளே போய், சிறியவளாக இருந்தாள். அவளுக்கும் என்னைப் போலவே பயம். ஆனால் தறப்பாளுக்குள் ஒளிப்பதற்கு இடம் இல்லை. காய்ச்சல்காரி போலத் தலையோடு போர்த்துக்கொண்டு பகல் முழுக்கப் படுத்திருப்பாள்.

ஒரு மத்தியானம் நான் பின்பக்கத்தால் அங்கே ஓடிப் போனேன். வெயில் தறப்பாளுக்கு மேலே நின்றது. உள்ளே அவளுடைய அம்மா, அவள், சோற்றுப் பானை எல்லாம் நீலம்.

“நீலச் சாதிக்கு வாங்கோ,” என்று கைகூப்பினாள். என் கையை இழுத்துத் திருப்பிக் காட்டினாள். பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறதோ அது முகத்திலும் ஏறும். மஞ்சள் சேலைக்குப் பக்கத்தில் நாடி மஞ்சளாகும். கறுத்த தோலின் நெற்றியில் ஆகாயமே விழும். இதைக் கவனிக்காமல் பூசிய முகம் மண் பொம்மை போல இருக்கும் என்றாள். அன்று மாலை குப்பிவிளக்கைக் கொளுத்திவிட்டு நிழலின் ஓரத்தையும் பார்க்கச் சொன்னாள். விளக்கு நிழல் ஆடும், ஓரம் பஞ்சு போல இருக்கும். டோர்ச் நிழல் ஆடாது, கத்தியால் வெட்டியது போல இருக்கும். இதெல்லாம் எதற்கு இப்போது என்று அவளுடைய அம்மா பேசினார். “கண்ணுக்கு வேலை குடுக்காட்டி காது பயத்தைக் கேக்கும், அம்மா,” என்றாள் தயாளினி.

அதுதான் நான் அவளோடு இருந்த கடைசி மாலை.

அவள் போய்ச் சில நாட்களின் பின் அன்ரி, அதாவது தயாளினியின் அம்மா, எங்கள் குசினி வழியாக உள்ளறைக்கு வந்தார். நான் ஒளிந்திருப்பது அவருக்கு முன்பே தெரியும். சீலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து நீட்டினார். அடையாள அட்டைக்கு எடுத்த தயாளினியின் கறுப்பு வெள்ளைப் படம். பெருவிரல் அளவு. வேறு படமே இல்லை. ஊருக்கெல்லாம் படம் செய்தவள் தன்னை ஒருநாளும் எடுக்க விட்டதில்லை.

“முப்பத்தொண்டுக்கு ஒரு படம் வேணும், மோளே. எனக்குக் கண்ணை மூடினால் அவள் நீலமாத்தான் வாறாள். முன்னம் எப்பிடி இருந்தவள் எண்டு பிடிபடுகுதில்லை. அந்த நீலத்தை அழிச்சு என்ர பிள்ளையைத் தா.”

அப்பா விடமாட்டேன் என்றார். கடைசியில் ஒரு வழி செய்தோம். குண்டு போடக் கிபிர் விமானம் வரும் சத்தம் கேட்டால் எல்லோரும் பங்கர் குழிக்குள் இறங்கிவிடுவார்கள்; பிள்ளை பிடிப்பவர்களும் இறங்குவார்கள். ரோட்டில் ஒரு குருவி இருக்காது. அந்த நேரத்தில் நான் சந்தைக்கு ஓடுவேன். திரும்பி வருவது அடுத்த கிபிருக்கு. எல்லோரும் எதற்குப் பயந்தார்களோ, அதை நான் எதிர்பார்த்து இருந்தேன்.

கொட்டிலில் கணினியைத் திறந்து ‘கன்னம்’ கோப்பைப் போட்டேன். என் வெயில் நிறத்தை எடுத்துக் கறுப்பாக்கிப் பார்த்தேன். சாம்பலாக வந்தது. சிவப்பைக் கூட்டினேன், செங்கல்லாக வந்தது. கடை அண்ணை எட்டிப் பார்த்து, ஆரடி இது என்று கேட்டார். அழுதுவிட்டேன். அப்போதுதான் அவளுடைய பகிடி நினைவுக்கு வந்தது. என் நிழல் சதுரத்தை எடுத்து அவளுடைய கன்னத்தில், வெயில் பட வேண்டிய இடத்தில் வைத்தேன்.

அவள்தான். என் முகத்தில் இருட்டாக இருந்த நிறம் அவளுடைய முகத்தில் வெளிச்சமாக இருந்தது. கடை அண்ணை ஜெனரேற்றரைப் பார்க்கப் போய்விட்டார். அவளுடைய நிழலுக்கு என் கோப்பில் நிறம் இல்லை. நாவற்பழச் சாறு சட்டையில் பட்டுக் காய்ந்தால் வரும் நிறத்தை நினைத்து நினைத்துக் கலந்தேன். அது பொருந்தியது.

ஆனாலும் முகம் எழும்பவில்லை. மண் பொம்மையாகவே கிடந்தது. என்ன குறை என்பது எனக்குத் தெரியும். நெற்றியில் ஆகாயம் இல்லை. அவள் சொன்ன அந்த நீலத்தை மெல்லிய தூரிகையால் ஒரு தீற்றுத் தீற்றினேன். உடனே உயிர் வந்தது. கூடவே அந்தக் காலையும் வந்தது. நெற்றியில் நீலத்தோடு அவள் வெயிலுக்குள் தூக்கி வரப்படுகிறாள். கை தானாக அதை அழித்தது. நீலம் இல்லாவிட்டால் அவளுக்கு உயிர் இல்லை. நீலம் இருந்தால் அன்ரி அதைப் பார்க்க முடியாது. கிபிர் வந்து போன பல மத்தியானங்கள் இப்படியே பூசுவதும் அழிப்பதுமாகப் போயின. இரவில் மூட்டைகளுக்குப் பின்னால் கண்ணை மூடினால், நிறம் பூசாத ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கோபமாக இல்லை. காத்துக்கொண்டு நிற்கும்.

நேற்றுக் காலை அம்மா குசினியில் அடுப்பு மூட்டினார். கதவிடுக்கால் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ஆகாயம் இல்லை, நெருப்புத்தான் இருந்தது. நாடியிலும் மூக்கின் கீழும் கன்னத்தின் அடியிலும் செம்மஞ்சள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. எல்லோருக்கும் பூசுவது போல அவளையும் ஆகாயத்தின் கீழ் நிற்க வைத்திருந்தேன். எங்கள் கடையில் செத்தவர்களுக்கெல்லாம் பின்னால் போடும் அந்த நீலத் திரையையும் போட்டிருந்தேன்.

மத்தியானம் ஓடிப்போய்த் திரையை எடுத்தேன். பின்னால் புகை பிடித்த சுவரின் நிறத்தைப் போட்டேன். வெளிச்சத்தைக் கீழே, இடப்பக்கம், அடுப்பு இருக்கும் இடத்தில் வைத்தேன். நீலம் ஒரு துளியும் தேவைப்படவில்லை.

அன்ரியையும் கடை அண்ணை கூட்டி வந்திருந்தார். அவர் கணினித் திரைக்குக் கிட்ட வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, மகளிடம் கதைப்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

“குசினிக்குள்ள இருக்கிறாய், என்ன. புட்டு அவியுதோ எண்டு பாக்கிறாய்.”

படம் இன்னும் முடியவில்லை. காது மிச்சம். காதின் ஓரத்தில் சிவப்பு வைக்காவிட்டால் ஆள் உயிரோடு இல்லை என்பாள் தயாளினி. வெளிச்சம் காதைத் துளைத்து வரும்போது உள்ளே இருக்கும் இரத்தம்தான் அப்படித் தெரிகிறதாம். இன்று கிபிர் வரவில்லை. அதனால் நானும் போகவில்லை. நாளைக்கு வரும். நாளைக்கும் நான் போகாவிட்டால், கடை அண்ணை, நீங்களே வையுங்கள். ‘கன்னம்’ கோப்பில் நடுச் சதுரத்தை எடுத்துச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். இடது காதின் வெளி ஓரத்தில் மட்டும், மெல்லிய தூரிகையால். தேய்க்க வேண்டாம். அந்த இடத்தில் என் நிறம் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொன்றும் தோன்றுகிறது, எழுதாமல் விடவும் முடியவில்லை. எனக்கு ஒரு படம் செய்ய வேண்டி வந்தால் உங்களுக்குக் கரைச்சல் இராது. மூன்று நிறமும் தயாராக இருக்கின்றன.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அவளுடைய சட்டை, சீப்பு எல்லாம் அன்ரியிடம் இருக்கட்டும். இருட்டில் பயம் வரும்போது கண்ணைத் திறந்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன். ஓட்டின் இடுக்கால் நிலவு வருகிறது. நெல் மூட்டையின் முதுகு சாம்பல் பச்சை. குப்பிவிளக்கு என் இடப்பக்கம். எழுதும் கையின் நிழல் இந்தக் கடதாசியில் பஞ்சு போல ஆடுகிறது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் அவள் இருந்து ஓம், ஓம் என்கிற மாதிரி இருக்கும். இதை என்னிடமிருந்து ஒருவரும்

கதவைத் தட்டுகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டேன், நிலவில் எழுதுகிறேன். அப்பா எழும்பிப் போகும் சத்தம் கேட்கவில்லை. மறுபடியும் தட்டுகிறார்கள். முன்கதவை இல்லை, இந்த அறைக் கதவை. கதவின் கீழால் வெளிச்சம் வருகிறது. அதில் கால்களின் நிழல். அப்பா என்றால் கையில் குப்பிவிளக்கு இருக்கும், நிழல் ஆடும்.

இது ஆடவில்லை. ஓரம் கத்தியால் வெட்டியது